கண்ணால் கண்ட நூறு கதிரை

என் வேலைய ரெண்டே வார்த்தைல சொல்லிரலாம்: போய்ப் பாக்குறது.

வெளிநாட்டுக்காரங்க கொழும்புக்கு உதவி குடுப்பாங்க. கொழும்பு அத எங்க பிரதேச சபைக்கு அனுப்பும். சபை அத ஊர்ச் சங்கங்களுக்குக் குடுக்கும். சங்கம் சாமான் வாங்கும். வாங்கின சாமான் இருக்கா, இருந்தா எங்க இருக்கு, அதுல திட்டத்தோட ஸ்டிக்கர் இருக்கான்னு பாத்து எழுத ஒரு ஆள் வேணும்ல? அந்த ஆள் நான்தான். அபிவிருத்தி உத்தியோகத்தர்னு பேரு. அபிவிருத்தி வந்தாலும் வராட்டியும் உத்தியோகத்தர் போய்த்தான் ஆகணும்.

இத வாசிக்கிற நீங்களும் எங்கயாவது ஒரு அரசாங்கக் கந்தோர்ல வரிசைல நின்னு, "இது செல்லாது, ஒரிஜினல் கொண்டாங்க"ன்னு கேட்டு வயிறெரிஞ்சு வீட்டுக்குப் போனவங்கதானே? அப்படிச் சொல்றவளுக்கும் வயிறு எரியும். நம்பாட்டி மேல வாசிங்க.

நாவுலைல இருந்து லக்கல பக்கம் போற ரோட்டுல ஒரு ஊர். முஸ்லிம் ஆளுங்களும் சிங்கள ஆளுங்களும் கலந்து இருக்காங்க, எல்லாருக்கும் வயல்தான் சோறு. அந்த ஊர்ச் சங்கத்துக்கு முதல் கட்டமா, கல்யாணம் காட்சிக்கு உக்கார நூறு பிளாஸ்டிக் கதிரை குடுத்தோம். ரெண்டாம் கட்டம் ஆனை வேலிக்கு பெட்டரியும் கரண்ட் பெட்டியும். கம்பம், கம்பி எல்லாம் ஊராளுங்களே கூலி வாங்காம சிரமதானம் பண்ணி நட்டுட்டாங்க. கரண்ட் மட்டும்தான் இல்ல. கரண்ட் இல்லாத வேலி ஆனைக்கு முதுகு சொறிய ரொம்ப வசதி.

சட்டம் என்னன்னா, நூறு கதிரையையும் ஒரே நேரத்துல, ஒரே எடத்துல, ஸ்டிக்கரோட ஒரு அதிகாரி கண்ணால கண்டு கையெழுத்து வைக்கணும். வெச்சாத்தான் ரெண்டாம் கட்டம். மாசக் கடைசிக்குள்ள வைக்காட்டி பெட்டரியெல்லாம் கொழும்புக்கே திரும்பிரும். அங்க வயல்ல நெல்லு பால் புடிக்கப் போகுது, ஆனைக்கு நாள் தெரியும். முதல்ல வேலியக் குடுத்துட்டு பிறகு கதிரை குடுத்தா என்னன்னு என்கிட்ட கேக்காதீங்க. நானும் கேட்டேன். பட்டியல்ல அப்படித்தான் இருக்குன்னாங்க.

ஸ்டிக்கர் பத்திரம்

முதல் தடவ நான் போனது மாச ஆரம்பத்துல. சபையோட கெப் வண்டிய ஓட்டுறது ரவூப் நானா. இருபது வருஷமா இதே வண்டி, இதே ஆள், ரெண்டுக்கும் மேடு ஏறுறப்ப இருமல் வரும். சங்கத்துச் செயலாளர் ஜெமீலா ராத்தா வாசல்லயே நின்னாங்க. ராத்தான்னா முஸ்லிம் ஆளுங்க அக்காவக் கூப்பிடுற முறை, நானான்னா அண்ணன். அம்பது வயசு, புருஷன் இல்ல, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, ஒரு ஏக்கர் வயல். மண்டபத்தத் தொறந்து காட்டினாங்க. நல்லாக் கூட்டித் தொடச்சு பளபளன்னு இருந்துச்சு, உள்ள ஒரு கதிரை இல்ல.

"ஒரு சிங்கள வீட்டுல ஏழாம் நாள் தானம் மிஸ். நூறும் அங்கதான் ஈக்கிது. ஹாமதுரு பண சொல்லிட்டு ஈக்கிறாரு. போய் ஆளுங்கள எழுப்பிட்டுக் கொண்டாரவா?"ன்னு கேட்டாங்க. செத்த வீட்டுல பிக்கு பண உபதேசம் சொல்றப்ப கதிரைய உருவின உத்தியோகத்தர்னு பேரு வாங்க எனக்கு ஆசை இல்ல. "வேணாம் ராத்தா, ஸ்டிக்கராவது ஒட்டினீங்களா?"ன்னு கேட்டேன். அவங்க மொகம் மலந்துருச்சு. அலுமாரியத் தொறந்து ஒரு தடிச்ச ஃபைல எடுத்தாங்க. ஒரு பக்கத்துக்குப் பத்து ஸ்டிக்கரா, ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும், பொலித்தீன் உறைக்குள்ள, ஒரு மடிப்பு இல்லாம! கதிரை மழைலயும் வெயில்லயும் ஊர் சுத்துது, ஸ்டிக்கர் பிஞ்சுரும்னு ஒவ்வொண்ணா தண்ணி தெளிச்சுக் கழட்டி வெச்சிருக்காங்க. உக்கார கதிரை இல்லாததால நான் வாசப்படிலயே உக்காந்துட்டேன். ராத்தா பிளேன்டீயக் கைல குடுத்துட்டு ஃபைல என் மடில வெச்சாங்க.

"நல்லா எண்ணிப் பாருங்க மிஸ், ஸ்டிக்கர்ல ஒண்ணு கொறஞ்சாலும் என்னயக் கேளுங்க."

பந்தலுக்குள்ள கணக்கெடுப்பு

ஸ்டிக்கர திருப்பி ஒட்டச் சொல்லிட்டு வந்தேன். ஒட்டினாங்க. ஆனா பிள்ளைங்க பிச்சுரும்னு கதிரைக்கு அடிப்பக்கம் ஒட்டினாங்க. இது எனக்கு அடுத்த வாரம்தான் தெரியும். போறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி, "நூறும் ஒரே எடத்துல இருக்கா?"ன்னு கேட்டேன். "சத்தியமா ஒரே எடத்துல ஈக்கிது, வாங்க"ன்னாங்க. அவங்க பொய் சொல்லல. நூறும் ஒரே எடத்துலதான் இருந்துச்சு, கல்யாணப் பந்தல்ல, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆள் உக்காந்திருந்தாங்க.

பந்தலுக்கு நடுவுல துணி கட்டி அந்தப் பக்கம் ஆம்பளைங்க, இந்தப் பக்கம் பொம்பளைங்க. அதனால ரவூப் நானாவ அங்கிட்டு அனுப்பிட்டு நான் இங்கிட்டு எண்ண ஆரம்பிச்சேன். ஸ்டிக்கர் அடில இருக்கே, குனிஞ்சு குனிஞ்சுதானே பாக்கணும்? அஞ்சாவது கதிரைல ஒரு உம்மா காலத் தூக்கிக்கிட்டு, "தோடா மகள் விழுந்திச்சு?"ன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள பந்தல்ல பாதிப் பேரு குனிஞ்சு என் தோட்டத் தேட ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு தோடும் என் காதுல இருக்கு! யாரோ ஒருத்தங்க தேடி ஒரு ஒத்தத் தோட்டக் கண்டுபுடிச்சும் குடுத்துட்டாங்க. அது யாருதுன்னு இன்னைக்கும் தெரியாது.

அதுக்குள்ள சஹன் வந்துருச்சு. பெரிய தட்டுல சோத்த வெச்சு ஆறு பேர் சுத்தி உக்காந்து சாப்பிடுறது. அந்த வாசம் வந்ததும் துணிக்கு அந்தப் பக்கம் அரசாங்க வேலை நின்னு போச்சு. எடம் பத்தலன்னு கதிரைங்கள ஒதுக்கினாங்க, இங்கிருந்து அங்க போச்சு, அங்கிருந்து இங்க வந்துச்சு. நான் எண்ணினது அம்பத்தி நாலு. ரவூப் நானா ஏப்பம் விட்டுக்கிட்டே சொன்னது அம்பத்தி எட்டு. எனக்குப் பொய் எழுத வராது. கூட்டிப் பாத்து நூத்திப் பன்னெண்டுன்னு எழுதிக் குடுத்தேன். எங்க மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய ஐயான்னுதான் கூப்பிடுவோம். வெள்ளைச் சேட்டுல ஒரு சுருக்கம் பாக்க முடியாது. ஃபோம ரெண்டு தரம் வாசிச்சுட்டு கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கினாரு.

"குறைஞ்சால் விளக்கம் கேக்கலாம், பிள்ளை. கூடினால் நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

ஆட்டு ஃபோம்

குடுத்ததுக்கு மேல சாமான் இருந்தா அதுக்கு ஒரு ஃபோம் நிரப்பணுமாம். கதிரைக்கு அப்படி ஒரு ஃபோம் இல்ல. யாருக்குத் தெரியும், கதிரை பெருகும்னு? அலுமாரி பூரா கொட்டித் தேடினதுல 'அதிகரிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கிற ஃபோம் ஒண்ணே ஒண்ணுதான் அம்புட்டுச்சு. அது ஆடு வளர்ப்புத் திட்டத்து ஃபோம். பெரிய ஐயா "ஆடு" வர்ற எடமெல்லாம் ஒரு கோடு போட்டு மேல "கதிரை"ன்னு எழுதி, கையெழுத்து வெச்சு என்கிட்ட நீட்டினாரு. நான் அத ஜெமீலா ராத்தாவுக்கு அனுப்பினேன். எனக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு, ஆனா மாசத்துல பதினஞ்சு நாள் போயிருச்சே.

ராத்தா ஒரு கட்டத்தையும் காலியா விடல. 'பகலில் எங்கே விடப்படுகின்றன?' கல்யாண வீடு, மையத்து எடுக்கிற சாவு வீடு, பள்ளிக்கூடம். 'இரவில் பாதுகாப்பான கொட்டகை உண்டா?' உண்டு, மண்டபம். 'நோயுற்றவை?' மூணு, கால் நோய். 'அதிகரிப்புக்கான காரணம்?' பக்கத்து ஊருலருந்து வந்து கலந்ததா இருக்கலாம், திரும்பிப் போயிரும். பெரிய ஐயா முழுசா வாசிச்சாரு, சிரிக்கல. மூண்டுக்குக் கால் நோயெண்டால் மிருக வைத்தியருக்குப் பிரதி போகவேணுமோன்னு மட்டும் யோசிச்சாரு. அந்த மனுஷன் வெளையாடுறாரா நெசமாவே கேக்குறாரான்னு எனக்கு இதுவரைக்கும் வெளங்கல. கடைசில, இதெல்லாம் சரிவராது, திருப்பி எண்ணுங்கன்னுட்டாரு. நான் ராத்தாவுக்கு ஃபோன் பண்ணி, "எல்லாம் சரி, தடுப்பூசி போட்டதா எதுக்கு எழுதினீங்க?"ன்னு கத்தினேன்.

"இல்லன்னு எழுதினா அதுக்கும் ஒரு நாள் வருவீங்களே மிஸ்!"

குசினிக்குள்ள ஒரு பெயர்ப்பலகை

சிரிச்சது போதும்னு ஆனைக்குத் தோணிருச்சோ என்னமோ. மாசம் முடிய நாலு நாள் இருக்கிறப்ப காலங்காத்தால ராத்தா ஃபோன் பண்ணினாங்க. "மிஸ், பெயர்ப்பலகை எடம் மாறிருச்சு, அதையும் எழுதிக் குடுக்கணுமா?" குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. நான் பஸ்ஸுக்காக அலுவிகாரை ஹோல்ட்ல நின்னுக்கிட்டிருந்தேன். ரவூப் நானா அங்கயே வந்து ஏத்திக்கிட்டாரு.

பெயர்ப்பலகைய நீங்க பாத்திருப்பீங்க. எந்தத் திட்டம் வந்தாலும் முதல்ல அதுதான் வரும். எட்டடி நீளம், நாலடி உயரம், மூணு மொழி, உதவி குடுத்த நாட்டுக் கொடி. ரோட்டோரம் நிக்க வேண்டிய அந்தப் பலகை ராத்தா வீட்டுக் குசினிச் சுவத்துல நின்னுச்சு. சுவத்துலன்னு சொல்றது தப்பு, சுவர் இருந்த எடத்துல. ஆனை வந்து சுவத்த இடிச்சு, அரிசிச் சாக்க எடுத்துக்கிட்டுப் போயிருந்துச்சு. ராத்தாவும் பிள்ளைங்களும் முன் அறைல கதவச் சாத்திக்கிட்டு மூச்சு விடாம இருந்திருக்காங்க. விடிஞ்சதும் ஊராளுங்க வந்து ஓட்டைய பலகையால மறைச்சுக் குடுத்தாங்களாம். கொடியும் எழுத்தும் உள்பக்கம், அடுப்பப் பாத்தபடி.

ராத்தா வழக்கம்போல சிரிச்சுக்கிட்டே பிளேன்டீ கொண்டாந்தாங்க. வயல்ல நெல்லு பால் புடிச்சிருந்துச்சு. ஒரு பெட்டரி, ஒரு பெட்டி, எங்க கந்தோர் ஸ்டோர்ல தூசி புடிச்சுக் கெடக்கு, இங்க நான் கதிரையோட அடிப்பக்கத்தப் பாத்துக்கிட்டுத் திரியிறேன்! என் மேலயே எனக்குக் கோபம் கோபமா வந்துச்சு. "மன்னிச்சிருங்க ராத்தா"ன்னேன். அவங்க இடிஞ்ச கல்லுக்குள்ளருந்து அரிசிய ஒவ்வொண்ணாப் பொறுக்கி மொறத்துல போட்டுக்கிட்டே சொன்னாங்க.

"ஆனை ஃபோம் கேக்கல மிஸ். தும்பிக்கைய விட்டுச்சு, எடுத்துச்சு, போயிருச்சு."

பெரிய ஐயா எண்ணினது

அன்னைக்குத் திரும்பி வந்து பெரிய ஐயாவோட சண்டை புடிச்சேன். பத்து வருஷ உத்தியோகத்துல அதுதான் முதல் தடவ. "நான் நூறுன்னு எழுதிர்றேன் ஐயா, என்ன வந்தாலும் என் தலைல வரட்டும்"னேன். அவரு, காணாததக் கண்டதா எழுதக்கூடாதுன்னாரு. எனக்கு அழுகை வந்துருச்சு. பிறகு அவரே, "கடைசி நாள் நானே வாறன்"ன்னு சொன்னாரு. ரவூப் நானா கேட்டுட்டு, "நீங்க எண்ணினாலே நூத்திப் பன்னெண்டு, அவரு எண்ணினா ஆட்டுக்குட்டியும் சேரும்"னு முணுமுணுத்தாரு.

கடைசி நாள் ஊரே பள்ளிக்கூட மைதானத்துல கூடிருச்சு. ஒரு வீட்டுல நிச்சயதார்த்தத்தையே கதிரைக்காகத் தள்ளி வெச்சிருந்தாங்க. பத்து வரிசை, வரிசைக்குப் பத்து, நூல் புடிச்ச மாதிரி. பக்கத்து ஊர்க் கதிரை ஒண்ணுகூட உள்ள வராம பாக்க தனியா ரெண்டு காவல். யாரும் உக்காரக் கூடாதுன்னு ஜெமீலா ராத்தா உத்தரவு. எண்பது தொண்ணூறு பேரு நூறு காலிக் கதிரையச் சுத்தி வெயில்ல நின்னாங்க. வயசானவங்க கொடை புடிச்சுக்கிட்டு நின்னாங்க. ரெண்டு மணிக்கு வரவேண்டிய பெரிய ஐயா, வேற கூட்டம் முடிச்சுட்டு வந்து சேர அஞ்சு மணி ஆயிருச்சு. அதுவரைக்கும் ஒருத்தர்கூட உக்காரலங்க! நானே கால் கடுத்துப் போய் கெப்புல சாஞ்சுட்டேன்.

வந்ததும் அவரு பிளேன்டீகூட குடிக்கல. ரவூப் நானா ஒவ்வொரு கதிரையாத் தலைக்கு மேல தூக்கி அடிப்பக்கத்தக் காட்ட, இவரு ஸ்டிக்கர் நம்பர வாசிச்சு ஒரு புள்ளி போட்டாரு. எட்டு வரிசை முடிஞ்சுச்சு. அப்பத்தான் குளத்துக் கட்டுப் பக்கமிருந்து ஒருத்தர் "அலியா! அலியா!"ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்தாரு. பின்னாடியே ஆனை. ஒத்தை ஆனை, வயல் பக்கம் போகாம நேரா மைதானத்துக்கு வருது. ஊரே பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள்ள பாஞ்சுச்சு. பெரிய ஐயா மட்டும் அசையல. "இன்னும் ரெண்டு வரிசைதானே கிடக்கு"ன்னு நிக்கிறாரு! ரவூப் நானா அவர இடுப்போட சேத்துத் தூக்கிக்கிட்டு வந்து வகுப்புக்குள்ள எறக்கினாரு. உத்தியோக வாழ்க்கைல அவர யாரும் அப்படித் தூக்கியிருக்க மாட்டாங்க.

நாங்க ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டுப் பாத்தோம். ஆனை வரிசைக்கு நடுவுல மெதுவா நடந்துச்சு. ஒரு கதிரைய மோந்துச்சு, அடுத்தத மோந்துச்சு. ஒம்பதாவது வரிசைல நின்னு ஒண்ண தும்பிக்கையால சுத்தித் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுச்சு, அடிப்பக்கம் எங்களப் பாக்குற மாதிரி. எல்லாரும் உயிரக் கைல புடிச்சுக்கிட்டிருக்கோம், என் காதுக்குப் பக்கத்துல பெரிய ஐயா "எண்பத்தாறு, எண்பத்தேழு"ன்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருக்காரு. அப்புறம் ஆளுங்க ஆனை வெடி போட்டாங்க. ஆனை பயப்படல, அலுத்துப் போன மாதிரி திரும்பி, கதிரையோடயே காட்டுக்குள்ள போயிருச்சு.

வெளிய வந்து பாத்தா தொண்ணூத்தி ஒம்பது. ராத்தா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. பெரிய ஐயா சேட்டுச் சுருக்கத்த இழுத்து விட்டாரு, கண்ணாடியத் தொடச்சாரு, ஃபோம எடுத்து 100ன்னு எழுதிக் கையெழுத்து வெச்சாரு. பொய் எழுதுவேன்னு சண்டை போட்டவ நான்தான், ஆனாலும் வாய் சும்மா இருக்கல. "ஐயா, தொண்ணூத்தி ஒம்பதுதானே இருக்கு?"ன்னு கேட்டுட்டேன். அவரு பேனைய மூடிப் பையில குத்தினாரு.

"நூறையும் ஒரே நேரத்தில, ஒரே இடத்தில, கண்ணால கண்டனான், பிள்ளை. ஒண்டு கொஞ்சம் உயரத்தில நிண்டது, அதின்ரை ஸ்டிக்கர்தான் எல்லாத்தையும்விட வடிவாத் தெரிஞ்சது."

பெட்டரி அந்த வாரமே போய்ச் சேந்துருச்சு, ராத்தா நெல்லு வெட்டி வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க, குசினிக்குச் சுவரும் வந்துருச்சு; வேலிக்கான புது ஃபோம்ல 'ஆனை வராமை நேரில் காணப்பட்டதா?'ன்னு ஒரு கட்டம் இருக்கிறதால, வராத ஆனையக் கண்ணால காண நான் இப்ப ஒவ்வொரு திங்கக்கெழமையும் போய் வந்துக்கிட்டிருக்கேன்.